வலது மூலை

நான் வேலை பார்க்கும் இடம்
திரையின் வலப்பக்கக் கீழ் மூலை.
என் அளவு உங்கள் வீட்டுப் பெட்டியைப் பொறுத்தது.
பெரும்பாலும் ஒரு தீப்பெட்டி.

மொந்தேவிதேயோவில், அரசுத் தொலைக்காட்சியில்
பதினோரு வருடம்.
கறுப்புச் சட்டை. மோதிரம் கூடாது, நகப்பூச்சு கூடாது.
அமைச்சர் வாயால் பேசுவதை
நான் கையால் பேசுவேன்:
மாட்டிறைச்சி ஏற்றுமதி, ஓய்வூதியத் திருத்தம்,
மறுபடி மாட்டிறைச்சி.

அந்த ஜூனில் உருகுவாய் ஆறு பெருகிய இரவு
சால்ட்டோ நகரில் எந்தெந்தத் தெருவை
விடிவதற்குள் காலி செய்யவேண்டும் என்று
ஒவ்வோர் எழுத்தாக விரலில் கட்டிக் காட்டினேன்.
அதே நேரம் திரையடியில்
சிவப்புப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது,
கால்பந்து முடிவுகளோடு.
அது என் மணிக்கட்டைத் தாண்டி
மார்புவரை ஏறியிருந்ததாம்.
ஸ்டுடியோவில் நான் என்னைப் பார்ப்பதில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
வால்டெமார், ஆரஞ்சு அடுக்கும் கூடத்தில் வேலை.
மனைவி ஒதிலியா. இருவருக்கும் காது கேட்காது.
"ஆறு ஏறுகிறதா வடிகிறதா, கை தெரியவில்லை.
முகம் தெரிந்தது. முகம் பயம்.
அதனால் கிளம்பினோம்.
அடுத்த முறை கையும் வேண்டும்."

பெத்ராச்சியிடம் நீட்டினேன்.
நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு எண் கேட்பார்.
பட்டையை நகர்த்தலாம், அது சுலபம் என்றார்.
உன்னைப் பெரிதாக்கினால்
மற்றவர்கள் தொந்தரவு என்பார்களே.
எத்தனை பேர் இருப்பார்கள், இப்படி?
தெரியாது என்றேன்.
நம்மை அவர்கள் எண்ணிவிட்டார்கள், அது மட்டும் தெரியும்.
அவர் மாத்தேயை உறிஞ்சிக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தார்.

விடுப்பெடுத்துச் சால்ட்டோ போனேன்.
பேருந்தில் ஏழு மணி நேரம்.
வீட்டுச் சுவரில் இடுப்புயரத்தில் சேற்றுக்கோடு,
அதற்கு மேலே ஆணியடித்து ஏற்றிய பலகையில் தொலைக்காட்சி.
அதன் முன்னால்
கம்பியை வளைத்து நிறுத்திய ஒரு பூதக்கண்ணாடி,
மிகச் சரியாக வலது மூலைக்கு நேராக.
மற்றத் திரை முழுக்கத் தூசு.

எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்:
ஆள்காட்டி விரலால்
கட்டைவிரல் நகத்தை ஒருமுறை தொடுவது.
பதினோரு வருடமாக
அந்த வீட்டில் நான் நகம்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன்.
ஒதிலியாவுக்கு அதில் அக்கறையில்லை.
அவள் கை வேகமானது, கொஞ்சம் கோபமானது:
சாவு என்றால் நீ வருகிறாய்.
வரி என்றால் வருகிறாய்.
புயல், ஜனாதிபதி, தொற்றுநோய், எல்லாவற்றுக்கும் வருகிறாய்.
பிப்ரவரியில் திருவிழா மேடையில்
முர்காக்காரர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு
அதே ஜனாதிபதியைக் கிழித்துத் தொங்கவிடும்போது
நீ எங்கே போகிறாய்?
பக்கத்துவீட்டுச் ஜன்னலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
நான் இவரைப் பார்க்கிறேன், இவர் என்னைப் பார்க்கிறார்.
எங்களுக்குத் துக்கம் மட்டும்தான் அரசுச் செலவா?

வால்டெமார் இன்னும் ஒன்று சேர்த்தார்:
சமையல் நிகழ்ச்சியும். அந்தத் தடித்த ஆள்
அடுப்பைப் பார்த்துத் திட்டுகிறானே,
என்ன சொல்லித் திட்டுகிறான்?

இரண்டு வருடமும் நாற்பது மின்னஞ்சலும் ஆயின.
ஒரு பிப்ரவரி இரவு, ஒரே ஓர் இரவு,
திரையில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு.
முர்கா பாட்டில் சிலேடை ஓடி வந்தது.
ஒரு சொல், இரண்டு பொருள்;
கையில் அது இரண்டு சொல், பொருளே இல்லை.
திணறினேன். ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன்.
இன்னொன்றுக்குத் தோள்பட்டையையும்
உப்பிய கன்னத்தையும் வைத்து
எதையோ செய்து ஒப்பேற்றினேன்.
வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் சால்ட்டோ முத்திரையோடு கடிதம்.

"முர்கா இந்த வருடம் மட்டம்.
பக்கத்துவீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள்.
இரண்டாவது குழு பரவாயில்லை.
உன் சட்டை ஏன் எப்போதும் கறுப்பு?
ஒதிலியா."

பெத்ராச்சி அதைப் படித்துவிட்டு
புகார்க் கோப்பில் சேர்த்தார்,
எல்லோருடைய புகாரோடும் சேர்த்து,
தேதி வாரியாக.